ஐஸ் பெட்டியில் நுரையீரல்: 4 டிகிரியா, 10 டிகிரியா?

கொடையாளரிடமிருந்து எடுத்த உறுப்பை எவ்வளவு நேரத்துக்குள் இன்னொருவருக்குப் பொருத்த வேண்டும்? இதயம் என்றால் 4 மணி நேரம், நுரையீரல் என்றால் 6 மணி நேரம். ஆம்புலன்ஸுக்குச் சாலையை ஒதுக்கிக் கொடுக்கும் கிரீன் காரிடார் செய்திகளில் இந்த இரண்டு எண்களும் தவறாமல் வரும். இதயத்துக்குச் சொல்லும் கெடு ஓரளவு சரி. நுரையீரலுக்குச் சொல்லும் 6 மணி நேரம் அந்த உறுப்போடு பிறந்ததில்லை. அதை எப்படிக் கழுவினோம், எவ்வளவு ஊதி வைத்தோம், எந்த வெப்பநிலையில் வைத்தோம், கடைசியில் ரத்தத்தை எவ்வளவு வேகமாகத் திறந்துவிட்டோம் என்பதெல்லாம் சேர்ந்து விதித்த கெடு அது. இவற்றில் ஒன்று மாறினாலும் கெடு நீளும் அல்லது சுருங்கும்.

சிறுநீரகம், கல்லீரல், இதயம் மூன்றும் ரத்த ஓட்டம் நின்ற நொடியிலிருந்து ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கின்றன. நுரையீரலுக்கு மட்டும் வேறொரு வழி உண்டு. அதன் காற்று நுண்ணறைகளுக்குள் ஆக்சிஜனை நிரப்பி மூச்சுக்குழாயை அடைத்துவிட்டால், ரத்தம் ஓடாவிட்டாலும் செல்கள் உள்ளிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு உயிர்வாழும். நுரையீரல் பாதுகாப்பு முறைகள் அனைத்துக்கும் அடிப்படை இதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால், ஏன் அதை ஊதிய நிலையில் எடுத்துப் போகிறார்கள், ஏன் உறைநிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

ஆனால் சேதம் ஐஸ் பெட்டிக்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. கொடையாளர் ஐசியுவில் இருக்கும்போதே. மூளைச்சாவு நேரும் கட்டத்தில் உடலில் அட்ரினலின் வெள்ளமாகப் பாய்கிறது. ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி, நுரையீரலின் நுண்குழாய்கள் கசிந்து நீர் கோர்க்கிறது. விபத்து நடந்த இடத்தில் வாந்தியோ ரத்தமோ மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம். சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று சலைனை ஏற்றிக்கொண்டே போனால் அதன் விலையை நுரையீரல் கொடுக்கும். இதனால்தான் சிறுநீரகமும் கல்லீரலும் பயன்படும் அதே கொடையாளரிடம் நுரையீரல் பெரும்பாலும் பயன்படாமல் போகிறது.

இதில் நம் ஊருக்குப் பொருந்தும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. இந்தியச் சட்டப்படி மூளைச்சாவை உறுதிசெய்யும் பரிசோதனைகளைக் குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் அப்னியா டெஸ்ட் உண்டு. வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ரத்தத்தில் கரியமில வாயு 60 மி.மீ. பாதரசத்தைத் தொடும்வரை தானாக மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சில நிமிடங்களில் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. இரண்டு முறை இப்படி ஒட்டிய நுரையீரலை அப்படியே விட்டுவிட்டு ரத்த வாயு பரிசோதனைக்கு அனுப்பினால் எண் மோசமாகத்தான் வரும். 'லங்ஸ் சரியில்லை' என்று ஃபைலை மூடிவிடுவார்கள். வென்டிலேட்டரை முழுவதும் கழற்றாமல், மூச்சுப்பாதையைத் தொடர்ந்து விரித்துவைக்கும் சிபாப் அழுத்தத்திலேயே அப்னியா டெஸ்ட் செய்யலாம். முடிந்ததும் சில விநாடிகள் கூடுதல் அழுத்தம் கொடுத்து நுண்ணறைகளைத் திரும்ப விரித்துவிடலாம். செலவே இல்லாத வேலை இது. கொடையாளரைக் கவனிக்கும் ஒவ்வொரு ஐசியுவிலும் இது வழக்கமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2010-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு இதற்கு எண்களோடு சான்று தந்தது. ஒரு பிரிவுக் கொடையாளர்களுக்குப் பழைய முறையில் பெரிய மூச்சு: உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 12 மி.லி., மூச்சின் முடிவில் மிஞ்சும் அழுத்தமான பீப் 3 முதல் 5 செ.மீ. நீர். மறு பிரிவுக்குச் சிறிய மூச்சு: கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி., பீப் 8 முதல் 10, அப்னியா டெஸ்ட் சிபாப் அழுத்தத்தில். முதல் பிரிவில் 27 சதவீதம் பேரின் நுரையீரல்தான் பயன்பட்டது. இரண்டாவது பிரிவில் 54 சதவீதம். மருந்து எதையும் கூட்டவில்லை. வென்டிலேட்டரின் திருகுகளைத் திருப்பியதோடு சரி. இங்கே கிலோ என்பது உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. கட்டிலில் கிடப்பவரின் பருமனைப் பார்த்து மூச்சின் அளவைக் கூட்டிவிடக் கூடாது.

ஏற்கலாமா என்று முடிவெடுக்க வழக்கமான அளவுகோல் இது: 100 சதவீத ஆக்சிஜன், பீப் 5, இந்த நிலையில் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 300 மி.மீ. பாதரசத்துக்கு மேல். எண்ணை மட்டும் நம்பி முடிவெடுப்பவர்கள் ஏமாறுவார்கள். மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பை இறக்கிச் சளியை உறிஞ்சி எடுத்த பிறகு, அது உடனே திரும்ப ஊறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மார்பைத் திறந்ததும் இரண்டு நுரையீரல்களையும் கையால் தடவிக் கட்டி, கெட்டிப்பு தேட வேண்டும். பிறகு வென்டிலேட்டர் குழாயை ஒரு கணம் கழற்றிப் பார்க்கும் சோதனை. நல்ல நுரையீரல் அங்கேயே பொசுக்கென்று சுருங்கும். நீர் கோர்த்த நுரையீரல் மெதுவாக, மனமில்லாததுபோல் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருக்கிறது என்று தோன்றினால், நான்கு நுரையீரல் சிரைகளிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுத்து அனுப்பலாம். நுரையீரலின் ஒரு பகுதியான மடல் ஒன்று கெட்டதால் கலப்பு ரத்தத்தின் எண் சரிந்து, நல்ல நுரையீரலும் கைவிடப்படுவதை இது தடுக்கும்.

இனிக் கழுவுதல். இதுதான் இந்த வேலையின் இதயப் பகுதி.

முதலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், கிலோவுக்கு 300 யூனிட். நுரையீரல் தமனியில், அது இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் கேனுலா என்ற குழாயைப் போட்டுத் தையலால் இறுக்குவார்கள். பெருந்தமனியைக் கவ்வி அடைக்கும் கிளாம்ப் போடுவதற்குச் சற்று முன்பு அதே தமனிக்குள் புராஸ்டகிளாண்டின் இ1, 500 மைக்ரோகிராம். குளிர்ந்த திரவம் பட்டதும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகும்; அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான் இந்த மருந்து. இது உள்ளே போனதும் கொடையாளரின் ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கும். ஆகவே இதயக் குழு, வயிற்று உறுப்புக் குழு எல்லோரும் தயார் என்று சொன்ன பிறகுதான் ஊசியை அழுத்த வேண்டும். அழுத்தம் இறங்குவது தெரிந்ததும் மேற்பெருஞ்சிரையைக் கட்டி, பெருந்தமனிக்குக் கிளாம்ப். இடது மேலறையின் காதுபோன்ற நீட்சியை வெட்டி வழி திறந்துவிட்டால், நுரையீரலுக்குள் போகும் திரவம் அதன் வழியே வெளியேறும்.

திரவத்தின் அளவு கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. அறுபது கிலோ கொடையாளர் என்றால் 3 முதல் 3.6 லிட்டர். பையை இதய மட்டத்திலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, அதன் எடையால் மட்டுமே இறங்க விட வேண்டும். நேரமாகிறது என்று பையைக் கையால் பிழிவதும், பிரஷர் பேக் மாட்டுவதும் கூடவே கூடாது. நுண்குழாய்ச் சுவர்கள் அந்த அழுத்தத்தைத் தாங்காது. அந்தச் சேதம் அப்போது கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் நோயாளியின் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும்.

கழுவும்போது வென்டிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். விரிந்த நுரையீரலில்தான் திரவம் சமமாகப் பரவும். நன்றாகப் பரவினால் இளஞ்சிவப்பு நிறம் ஓரத்திலிருந்து உள்நோக்கி வெளுத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாகும். ஒரு மடல் மட்டும் சிவப்பாகவே நின்றால் காரணம் தேட வேண்டும். அந்த மடல் சுருங்கிக் கிடக்கலாம்; கூடுதல் மூச்சு கொடுத்து விரிக்க வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் வெளுக்கவில்லை என்றால், கேனுலாவின் நுனி அதிகம் உள்ளே போய் மறு கிளைக்குள் நுழைந்திருக்கும். கொஞ்சம் வெளியே இழுத்தால் சரியாகும். இடது மேலறையிலிருந்து வெளியேறும் வழி போதவில்லை என்றால் திரவம் தேங்கி நுரையீரலில் எதிரழுத்தம் ஏறும். எனவே வெளியேறுவது தெளிந்து வருகிறதா, தாராளமாக வருகிறதா என்று ஒருவர் அதற்கென்றே நின்று பார்க்க வேண்டும்.

அடுத்தது பின்னோக்கிக் கழுவுதல். சிரை வழியாகத் திரவத்தை விட்டுத் தமனி வழியாக வெளியேற்றுவது. நான்கு சிரைகளுக்கும் தலா 250 மி.லி., மொத்தம் ஒரு லிட்டர். முதல் கழுவலில் சுத்தமாகிவிட்டது என்று நினைத்த நுரையீரலிலிருந்து இப்போது கலங்கிய சிவப்பு நீர் வரும். தமனியின் வெட்டுவாயில் சில நேரம் விரல் நீளத்துக்குக் கறுத்த ரத்தக்கட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழும். எலும்பு முறிவோடு வந்த கொடையாளர் என்றால் கொழுப்புத் துளிகள் நீரில் மிதப்பதையும் பார்க்கலாம். அந்த ரத்தக்கட்டி உள்ளேயே இருந்திருந்தால் நோயாளியின் உடலில் ஒரு மடலுக்கே ரத்தம் போகாமல் அடைத்திருக்கும். மூச்சுக்கிளைக்குழாய்களின் சுவருக்கும் இந்தப் பாதையில்தான் திரவம் ஓரளவு எட்டுகிறது. பத்து நிமிடம்கூட ஆகாத இந்த வேலையை, நேரமில்லை என்று விடுவதை என்னால் ஏற்க முடியாது.

இதயக் குழுவோடு ஒரு பங்கீடும் இருக்கிறது. இடது மேலறையின் பின்சுவரில்தான் நான்கு நுரையீரல் சிரைகளும் வந்து சேர்கின்றன. அந்தச் சுவரை எங்கே வெட்டுவது என்பதில் இரண்டு குழுவுக்கும் தேவை உண்டு. சிரைகளைச் சுற்றி நுரையீரல் பக்கம் அரை சென்டிமீட்டர் விளிம்பாவது மிஞ்ச வேண்டும். வலப்பக்கத்தில்தான் பெரும்பாலும் குறைபடும். குறைந்துபோனால் பிறகு இதய உறையின் ஒரு துண்டை வைத்து ஒட்டுப்போட வேண்டிவரும். வெட்டும் முன்பே இரண்டு அறுவை நிபுணர்களும் பேசி முடிவு செய்வது நல்லது.

கழுவும் திரவத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1980-களில் சிறுநீரகத்துக்குச் செய்த யூரோ காலின்ஸ் திரவத்தையே நுரையீரலுக்கும் பயன்படுத்தினார்கள். அதில் லிட்டருக்கு 115 மில்லிமோல் பொட்டாசியம். செல்லுக்குள் இருப்பதைப் போன்ற கலவையை வெளியேயும் வைத்தால் குளிரில் அயனிகள் இடம் மாறாது என்பது கணக்கு. ஆனால் அத்தனை பொட்டாசியம் பட்டதும் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகிக்கொண்டன. திரவம் சமமாகப் பரவவில்லை. பிறகு வந்த குறைந்த பொட்டாசியம் டெக்ஸ்ட்ரான் திரவம் நிலைமையை மாற்றியது. பெர்ஃபாடெக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது அதுதான். பொட்டாசியம் லிட்டருக்கு 6 மில்லிமோல், சோடியம் 138, டெக்ஸ்ட்ரான் 40 என்பது 50 கிராம், கொஞ்சம் குளுக்கோஸ். டெக்ஸ்ட்ரான் நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்துவைக்கும். சிவப்பணுக்கள் ஒட்டிக்கொள்வதையும் குறைக்கும். பழைய பெர்ஃபாடெக்ஸில் அமிலத்தன்மையைச் சரிசெய்யும் டிரிஸ் மருந்தையும் கால்சியத்தையும் பயன்படுத்தும் முன்பு சேர்க்க வேண்டும். நள்ளிரவுத் தியேட்டரில் இதை மறப்பது எளிது. பையைத் தொங்கவிடும் முன் ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்ப்பது அவசியம். இப்போது வரும் பெர்ஃபாடெக்ஸ் பிளஸில் இவை முன்கூட்டியே கலந்திருக்கின்றன.

எடுக்கும்போது ஆக்சிஜனை 50 சதவீதமாக வைத்து, 15 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தத்தில் நுரையீரலை மிதமாக ஊதி, அந்த நிலையில் மூச்சுக்குழாயை ஸ்டேப்லரால் அடைப்பார்கள். முழுக்கச் சுருங்கினால் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளும், செல்களுக்கு ஆக்சிஜனும் இருக்காது. விடைக்க ஊதினால் சுவர்கள் கிழிந்து கசியும். 100 சதவீத ஆக்சிஜன் நல்லதுதானே என்று கேட்கலாம். அது ரத்தம் திரும்பும்போது உருவாகும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கூட்டுகிறது. முழுவதும் உறிஞ்சப்பட்டு நுண்ணறைகள் காலியாகவும் வழிவகுக்கிறது. விமானத்தில் போவதானால் இன்னொரு கணக்கு. கேபின் அழுத்தம் 8000 அடி உயரத்துக்குச் சமமாக இருந்தால் அடைபட்ட காற்றின் கன அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். தியேட்டரில் அளவாக இருந்த நுரையீரல் வானத்தில் அளவு மீறியதாகிவிடும். விமானப் பயணம் என்று தெரிந்தால் சற்றுக் குறைத்தே ஊத வேண்டும்.

இப்போது பெட்டி. வழக்கம் மூன்று பைகள். உட்பையில் குளிர்ந்த பெர்ஃபாடெக்ஸில் நுரையீரல், அடுத்ததில் குளிர்ந்த சலைன், அதைச் சுற்றி இன்னொரு பை, வெளியே ஐஸ். ஐஸ் நேரடியாகத் திசுவில் படக் கூடாது. பெட்டியின் மேல் 4 டிகிரி என்று எழுதியிருக்கும். ஆனால் உருகும் ஐஸின் வெப்பநிலை 0 டிகிரி. நேரம் போகப்போக உள்ளே இருக்கும் நுரையீரலும் 2 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. எந்தப் பக்கம் ஐஸோடு ஒட்டியிருந்ததோ அந்தப் பக்கம் இன்னும் குளிர்ந்திருக்கும்.

குளிர் நல்லதுதானே, அதிகக் குளிர் இன்னும் நல்லதல்லவா என்று தோன்றும். வாழைப்பழத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் அழுகாமல் இருப்பதற்குப் பதில் தோல் கறுத்துப்போகிறதே, அதே கதைதான் இங்கேயும். குளிரே ஒரு காயம். உறைநிலையை நெருங்கும்போது செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றும் பம்ப் நின்று செல் வீங்குகிறது. செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா சேதமடைகிறது. திரும்பச் சூடாகி ரத்தம் வரும்போது, சேதமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்துதான் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகள் கிளம்புகின்றன.

தோராயக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் செல்லின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழப் பாதியாகும். 37-லிருந்து 4 டிகிரிக்கு இறக்கினால் தேவை பத்தில் ஒரு பங்கு. 10 டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. மற்ற உறுப்புகளுக்கு இந்த வித்தியாசமே பெரிது, ஏனென்றால் அவற்றிடம் கொடுக்க ஆக்சிஜன் இல்லை. நுரையீரலிடம் இருக்கிறது. ஆறில் ஒரு பங்குத் தேவையை உள்ளே அடைத்து வைத்த காற்றே பார்த்துக்கொள்ளும். செல்லும் மெதுவாகத் தன் வேலையைச் செய்துகொண்டு, குளிர்க் காயமும் படாமல் இருக்கும்.

10 டிகிரிதான் நுரையீரலுக்கு ஏற்றது என்பதை விலங்கு ஆய்வுகள் 1980-களின் இறுதியிலேயே காட்டத் தொடங்கியிருந்தன. ஆனால் ஐஸ் எங்கும் கிடைக்கிறது, 10 டிகிரியில் நிலையாக வைக்கும் பெட்டி கிடைக்கவில்லை. அதனால் முப்பது ஆண்டுகள் அந்த எண் கிடப்பில் கிடந்தது. டொரன்டோ பொது மருத்துவமனையின் குழு அதைத் திரும்பக் கையில் எடுத்து, பன்றி நுரையீரல்களில் மைட்டோகாண்ட்ரியா 10 டிகிரியில் நலமாக இருப்பதை 2021-ல் வெளியிட்டது. அடுத்து டொரன்டோ, வியன்னா, மாட்ரிட் மையங்கள் சேர்ந்து மனிதர்களில் செய்த ஆய்வு 2023-ல் வந்தது. இரவில் எடுத்த நுரையீரலை வழக்கம்போல ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, மருத்துவமனையில் 10 டிகிரி இன்குபேட்டருக்கு மாற்றி, அறுவையைக் காலை 6 மணிக்குப் பிறகு வைத்தார்கள். 70 நோயாளிகள். பொருத்தப்பட்ட பிறகு 72-ஆம் மணியில் மிகக் கடுமையான செயலிழப்பு 5.7 சதவீதம் பேருக்கு. உடனே அறுவை நடந்த ஒப்பீட்டுக் குழுவில் 9.3 சதவீதம். இது குலுக்கல் முறையில் பிரித்த சோதனை இல்லை, பண்புகள் பொருந்தும் பழைய நோயாளிகளோடு ஒப்பிட்டது. ஆகவே 10 டிகிரி ஐஸைத் தோற்கடித்துவிட்டது என்று இதைவைத்துச் சொல்வது அதிகம். மணிக்கணக்கில் காத்திருந்தும் முடிவு மோசமாகவில்லை என்பதே பெரிய செய்தி. தூங்கி எழுந்த அறுவைக் குழு, பகலில் திறந்திருக்கும் ரத்த வங்கி, தொலைவிலிருந்து வரும் நோயாளிக்குக் கிடைக்கும் அவகாசம் எல்லாம் இதில் அடங்கும். கோவையிலோ மதுரையிலோ நள்ளிரவில் எடுக்கும் நுரையீரல் சென்னைக்கு வரும் சூழலுக்கு இது எவ்வளவு பயன்படும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைப் படித்துவிட்டுச் சாதாரண ஃப்ரிட்ஜை 10-ல் வைத்துப் பார்க்கலாமே என்று யாரும் இறங்கிவிடக் கூடாது. கதவு திறந்து மூடும்போது 4-க்கும் 14-க்கும் இடையே ஆடும் பெட்டி, நிலையான ஐஸைவிட ஆபத்தானது. வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவியும், மின்தடை தாங்கும் பேட்டரியும் வேண்டும்.

எடுத்த நுரையீரல் நல்லதா என்ற சந்தேகம் தீராத இடத்தில்தான் இவிஎல்பி வருகிறது. உடலுக்கு வெளியே நுரையீரலுக்கு 37 டிகிரியில் மூச்சும் திரவ ஓட்டமும் கொடுத்துச் சோதிக்கும் முறை. சுவீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் இதை மனித மாற்று அறுவையில் முதலில் கொண்டுவந்தார். அவர் வடிவமைத்த திரவம் இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது. இதைப் பல மணி நேரம் ஓடக்கூடிய முறையாக்கியது ஷாஃப் கேஷவ்ஜி, மார்செலோ சைபல் ஆகியோரின் டொரன்டோ குழு. 2011-ல் வெளியான அவர்களின் ஆய்வில், சந்தேகத்துக்குரிய நுரையீரல்களை 4 மணி நேரம் ஓட்டிப் பார்த்து 20 பேருக்குப் பொருத்தினார்கள். 72-ஆம் மணியில் நடுத்தர அல்லது கடும் செயலிழப்பு 15 சதவீதம். வழக்கமான நுரையீரல் பெற்ற 116 பேரில் 30 சதவீதம்.

டொரன்டோ முறையில் சிவப்பணு இல்லாத ஸ்டீன் திரவம் ஓடும். ஓட்டம் கொடையாளரின் இதயம் வெளியேற்றும் அளவில் 40 சதவீதம் மட்டுமே. அதையும் ஒரேயடியாகத் திறப்பதில்லை. பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, வெப்பநிலையோடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் முழு அளவுக்கு ஏற்றுவார்கள். 32 டிகிரியைத் தொட்ட பிறகுதான் மூச்சு: கிலோவுக்கு 7 மி.லி., நிமிடத்துக்கு 7 முறை, பீப் 5, வெறும் காற்று. இடது மேலறை அழுத்தம் 3 முதல் 5 மி.மீ. பாதரசத்தில் நிற்க வேண்டும். அது பூஜ்யத்துக்கு இறங்கினால் மூச்சு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் நுண்குழாய்கள் நசுங்கும். ஏறினால் நீர் கோர்க்கும். மணிக்கொரு முறை 100 சதவீத ஆக்சிஜனில் சோதனை. உள்ளே போகும் திரவத்துக்கும் வெளியே வரும் திரவத்துக்கும் ஆக்சிஜன் அழுத்த வித்தியாசம் 350-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம் என்பது வழக்கம்.

இந்த எண்ணிலும் ஒரு பொறி உண்டு. சிவப்பணு இல்லாத திரவத்தில் ஆக்சிஜன் வெறுமனே கரைந்துதான் போகிறது. கெட்ட பகுதியிலிருந்து வரும் திரவம் நல்லதோடு கலந்தால், ரத்தத்தில் சரிவதுபோல எண் இங்கே சரியாது. நுரையீரல் கெட்டுக்கொண்டிருக்கும்போதே ஆக்சிஜன் எண் நன்றாக இருப்பதுபோல் காட்டும். முதலில் மாறுவது நுரையீரல் விரியும் தன்மை; அது விறைக்கத் தொடங்கும். ஒரே அளவு மூச்சுக்கு அழுத்தம் மணிக்கு மணி ஏறினால் உள்ளே நீர் கோர்க்கிறது என்று பொருள். தொட்டியில் திரவ மட்டம் வேகமாக இறங்குவதும், மூச்சுக்குழாயில் நுரை வருவதும், எக்ஸ்ரே மங்குவதும் அதையே சொல்லும். இவை எதிராக இருக்கும்போது ஆக்சிஜன் எண்ணை மட்டும் வைத்து 'ஓகே' சொல்லக் கூடாது.

பொருத்தும் தியேட்டருக்கு வருவோம். மூச்சுக்கிளைக்குழாய், தமனி, மேலறை விளிம்பு என்ற வரிசையில் தைப்பார்கள். தைக்கும்போது நுரையீரலைச் சுற்றிக் குளிர்ந்த ஈரத்துணி இருக்க வேண்டும். மார்புக்கூட்டின் சூட்டில் அது தானாகச் சூடேறும் நேரம்தான் மிக மோசமான நேரம். தைத்து முடிந்ததும் கிளாம்பைப் பட்டென்று எடுக்காமல், சுமார் 10 நிமிடம் எடுத்து மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். ஆக்சிஜனைக் குறைவாகவே வைக்க வேண்டும். ரத்தம் திரும்பும் நேரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தவர்களுக்குச் செயலிழப்பு கூடுதலாக வந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டு பக்கமும் மாற்றும்போது, இரண்டாவதைத் தைத்து முடிக்கும்வரை இதயத்தின் முழு ரத்தமும் புதிதாக வைத்த முதல் நுரையீரல் வழியாகத்தான் ஓடுகிறது. அந்தச் சுமையைக் குறைக்கவே வியன்னா போன்ற மையங்கள் இதயம், நுரையீரல் வேலையை உடலுக்கு வெளியே செய்யும் எக்மோ கருவியை அறுவையின்போது வழக்கமாக்கின.

அதன்பின் 72 மணி நேரம். இந்தக் கட்டத்தில் வரும் செயலிழப்பை பிஜிடி என்பார்கள். ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, நோயாளிக்குக் கொடுக்கும் காற்றில் ஆக்சிஜன் இருக்கும் பின்னத்தால் வகுத்து, எக்ஸ்ரேயோடு சேர்த்து 0, 24, 48, 72-ஆம் மணிகளில் தரம் பிரிப்பார்கள். எக்ஸ்ரே தெளிவு என்றால் தரம் 0. வெள்ளைப் படலம் இருந்து, வகுத்த எண் 300-க்கு மேல் என்றால் 1. 200 முதல் 300 வரை 2. 200-க்குக் கீழ் அல்லது எக்மோவில் இருந்தால் 3. மூன்றாம் தரம் 48 அல்லது 72-ஆம் மணியிலும் நின்றால் 90 நாளுக்குள் இறக்கும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. கொடையாளரின் புகைப்பழக்கம், நோயாளியின் உடல் பருமன், நுரையீரல் ரத்த அழுத்த நோய், அறுவையில் ஏற்றிய அதிக ரத்தம் ஆகியவை அதைக் கூட்டுகின்றன. சிகிச்சையில் புதுமை எதுவும் இல்லை: சிறிய மூச்சு, திரவத்தில் கண்டிப்பு, தேவைப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடு, தாமதிக்காமல் எக்மோ. வென்டிலேட்டர் மூச்சைக் கொடையாளரின் உயரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்பது மட்டும் பலர் தவறவிடும் விஷயம். உள்ளே இருப்பது அவருடைய நுரையீரல்.

நீண்ட காலக் கணக்கு இன்னும் கடினம். உலகளாவிய பதிவேட்டின்படி 2010 முதல் 2017 வரை நுரையீரல் மாற்றப்பட்டவர்களில் பாதிப் பேர் 6.7 ஆண்டுகளைக் கடந்தார்கள். இதய மாற்றோடு ஒப்பிட்டால் இது பாதிதான். முக்கியக் காரணம் கிளாட் எனப்படும் நாள்பட்ட நிராகரிப்பு. ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருகிறது. முதல் 72 மணியில் கடும் பிஜிடி வந்தவர்களுக்கு இது கூடுதலாகவும் சீக்கிரமாகவும் வருகிறது. கழுவும் பையின் உயரத்துக்கும் பெட்டியின் வெப்பநிலைக்கும் இத்தனை மெனக்கெடுவது அதனால்தான்.

வீட்டுக்குப் போன பிறகு பொறுப்பு, நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் இருக்கும் அளவில் இருக்கிறது. ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் வரும் எண் எதற்கும் உதவாது. முந்தைய மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம், அதன் பிறகு மாத்திரை. பூஞ்சைக்கு வொரிகோனசோல் தொடங்கினால் டாக்ரோலிமஸ் அளவு பல மடங்கு ஏறும், மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டிவரும். வொரிகோனசோலை நிறுத்தும்போது திரும்பக் கூட்ட மறந்தால் நிராகரிப்பு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் நேர் எதிராக அளவு தரைமட்டமாகும். நம் ஊரில் இது அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல், ரிஃபாபியூட்டின் போன்ற மாற்று பற்றி மாற்று அறுவைக் குழுவிடம் கேட்காமல் எந்தக் கிளினிக்கிலும் காசநோய் மாத்திரையைத் தொடங்கக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறும். பம்ப்ளிமாஸையும் கிரேப்ஃப்ரூட்டையும் தவிர்க்க வேண்டும்.

கிளாட்டைக் கண்டுபிடிக்க விலை அதிகமில்லாத கருவி, ஊதும் மூச்சை அளக்கும் கையடக்க ஸ்பைரோமீட்டர். முதல் விநாடியில் ஊதும் அளவை, குறைந்தது மூன்று வார இடைவெளியில் கிடைத்த மிகச் சிறந்த இரண்டு எண்களின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். அதில் 20 சதவீதம் நிலையாகக் குறைந்தால் கிளாட் சந்தேகம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தினமும் ஒரே நேரத்தில், உட்கார்ந்த நிலையில், ஒரே கருவியில் மூன்று முறை ஊதிப் பெரிய எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். வழக்கத்தைவிட 10 சதவீதம் குறைந்து இரண்டு நாள் அப்படியே நின்றால், காய்ச்சலோ இருமலோ இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். அடுத்த ஓ.பி. தேதி வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.